ஸ்டிர்லிங் எஞ்சினை வண்டியில் வைக்கலாமா? நேரடி ஓட்டமா, ஹைப்ரிட்டா, பேட்டரியா?

என் அக்கா மகன் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு சின்ன எஞ்சின் கொண்டுவந்தான். கொதிக்கிற டீ டம்ளர் மேல் வைத்து, கொஞ்சம் பொறுத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டால் சக்கரம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் கிடையாது, புகை கிடையாது. "மாமா, இதையே பெரிதாகச் செய்து ஒரு பழைய ஆட்டோவில் வைத்தால் என்ன? ப்ராஜெக்ட்டுக்கு நாலு பேர் சேர்ந்திருக்கிறோம்" என்றான். நேரடியாகச் சக்கரத்தை ஓட்டுவதா, பேட்டரியை சார்ஜ் செய்ய மட்டும் வைத்துக்கொள்வதா, இல்லை ஸ்டிர்லிங்கை விட்டுவிட்டு வேறு வழி பார்ப்பதா என்று மூன்று யோசனைகள் அவனிடம் இருந்தன. அன்று ராத்திரி உட்கார்ந்து பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன், ஏனென்றால் இது சின்னக் கேள்வி இல்லை, ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, பிலிப்ஸ், நாசா எல்லாம் வருடக்கணக்கில் பணமும் ஆளும் போட்டு விடை தேடிய கேள்வி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சக்கரத்தை நேரடியாக ஓட்ட ஸ்டிர்லிங் வேண்டாம். பேட்டரியை சார்ஜ் செய்ய மட்டும் என்றால் பொறியியல்படி சரியான இடம் அதுதான், ஆனாலும் இன்றைய பெட்ரோல் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் எஞ்சினும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த வண்டி, அந்த இடத்தை ஏற்கெனவே பிடித்துவிட்டது. தரையில் ஓடும் வண்டிக்கு இதுதான் நிலைமை. கடலுக்கு அடியில் கதை வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். உள்ளே அடைத்த வாயு ஒன்று இருக்கிறது, காற்றோ ஹீலியமோ ஹைட்ரஜனோ. அது வெளியே போவதே இல்லை. ஒரு பக்கம் எப்போதும் சூடு, இன்னொரு பக்கம் எப்போதும் குளிர்ச்சி. வாயு சூடான பக்கம் போகும்போது விரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது, குளிர்ந்த பக்கம் வந்ததும் சுருங்குகிறது. நடுவில் கம்பி வலை மாதிரி ஒரு அடைப்பு, அதற்கு ரீஜெனரேட்டர் என்று பெயர்: வாயு குளிர்ந்த பக்கம் போகும்போது தன் சூட்டை அதில் விட்டுவிட்டுப் போகும், திரும்பி வரும்போது எடுத்துக்கொண்டு வரும். 1816-ல் ஸ்காட்லாந்தின் பாதிரியார் ராபர்ட் ஸ்டிர்லிங் காப்புரிமை வாங்கியபோது அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு இந்த அடைப்புதான் என்று நான் நினைக்கிறேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றி வந்தவை. தீ எஞ்சினுக்கு வெளியே எரிகிறது, அதனால் எதை வேண்டுமானாலும் எரிக்கலாம், வெடிப்பு இல்லாததால் சத்தமும் இல்லை.

இவ்வளவு நல்ல எஞ்சின் ஏன் காரில் இல்லை என்பதற்கு இணையத்தில் பல பேர் எண்ணெய் கம்பெனிகளின் சதி என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முயற்சி நடந்தது, வெளிப்படையாகவே நடந்தது, அரசாங்கப் பணத்தில் நடந்தது, அறிக்கைகள் எல்லாம் யாரும் படிக்கும்படி கிடக்கின்றன.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் கம்பெனி 1930களில் மின்சாரம் எட்டாத இடங்களில் வால்வு ரேடியோவை ஓட்ட ஒரு சத்தமில்லாத சின்ன ஜெனரேட்டர் வேண்டும் என்று இந்த எஞ்சினைத் தூசி தட்டி எடுத்தது. அது விற்பனைக்குத் தயாரான சமயத்தில் ரேடியோவுக்கு அவ்வளவு மின்சாரமே தேவைப்படாத டிரான்சிஸ்டர் வந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குள் எஞ்சின் எங்கேயோ முன்னேறியிருந்தது. 1971-ல் பிலிப்ஸ் ஒரு டாஃப் பேருந்தில் ஸ்டிர்லிங்கை வைத்து ஓட்டியது. 1972-ல் ஃபோர்டு பிலிப்ஸுடன் ஒப்பந்தம் போட்டு, 170 குதிரைத்திறன் எஞ்சினை டொரினோ காரில் பொருத்தியது. அமெரிக்காவில் 1970-ல் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையானதுதான் இந்த வேகத்துக்குக் காரணம், 1973-ல் எண்ணெய் விலை எகிறியது அதை இன்னும் கூட்டியது. வெளியே நிதானமாக, தொடர்ந்து எரியும் தீயில் கார்பன் மோனாக்சைடும் எரியாத எண்ணெயும் மிகக் குறைவு. அந்த வருடங்களில் அதைவிடப் பெரிய தகுதி வேறில்லை. 1978-ல் ஃபோர்டு விலகிக்கொண்டது.

அதே 1978-ல் அமெரிக்க எரிசக்தித் துறை பணம் போட, நாசாவின் லூயிஸ் ஆய்வு மையம் மேற்பார்வை பார்க்க, பெரிய திட்டம் ஒன்று தொடங்கியது. ஸ்வீடனின் யுனைடெட் ஸ்டிர்லிங்கும் அதில் சேர்ந்திருந்தது. அன்றைய கார்களைவிடக் குறைந்தது 30 சதவீதம் கூடுதல் மைலேஜ் என்பது இலக்கு. கடைசியில் வந்த எஞ்சினுக்கு மாட் 2 என்று பெயர். 62 கிலோவாட், அதாவது சுமார் 83 குதிரைத்திறன். உச்சத் திறன் 38.5 சதவீதம். 1985 மாடல் ஷெவர்லே செலிபிரிட்டி காரில் வைத்தால் லிட்டருக்குச் சுமார் 17.5 கிலோமீட்டர், அதே காரின் பெட்ரோல் எஞ்சினுக்குச் சுமார் 13 என்று 1986 வடிவமைப்பு அறிக்கை கணக்கிட்டது. விமானப்படையின் வேன் ஒன்றில் முந்தைய மாட் 1 எஞ்சினை வைத்து பெட்ரோல், டீசல், ஜெட் எரிபொருள் மூன்றையும் மாற்றி மாற்றி ஊற்றி ஓட்டினார்கள். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது அவர்கள் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது, அவ்வளவு நேர்மையான வேலை. இருந்தும் ஒரு கார் கூட விற்பனைக்கு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு முதல் யோசனையை, அதாவது நேரடி ஓட்டத்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

காலையில் வண்டியை எடுக்கிறோம். சாதாரண எஞ்சின் செல்ஃப் அடித்ததும் கிளம்பிவிடும். ஸ்டிர்லிங்கில் முதலில் சூடான பக்கத்து உலோகம் முழுக்க 800 டிகிரிக்கு ஏற வேண்டும். அந்தப் பகுதி 5 கிலோ எடை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். எஃகுக்குக் கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற்ற அரை கிலோஜூல் என்றால், மொத்தம் 2 மெகாஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பது 33 மெகாஜூல் அளவுக்கு. ஆக ஒவ்வொரு முறை ஆறிப்போன எஞ்சினைக் கிளப்பும்போதும் சுமார் 60 மில்லி பெட்ரோல், வண்டி ஓர் அடி நகர்வதற்கு முன்பே போகிறது. தீயின் சூடு முழுக்க உலோகத்துக்குள் போகாது, அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். சேலத்திலிருந்து சென்னைக்குப் போகிறவருக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் விட 3 கிலோமீட்டர் போய்வருகிறவருக்கு, லிட்டருக்கு 17 கிலோமீட்டர் ஓடும் காரில் மொத்தச் செலவே 175 மில்லிதான், அதோடு மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்கிறது. கஷ்டப்பட்டு எடுத்த மைலேஜ் லாபம் முழுக்க அங்கேயே கரைந்துவிடும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அந்தச் சூடும் வீண்.

அடுத்தது ஆக்ஸிலேட்டர். பெட்ரோல் வண்டியில் மிதித்தால் அடுத்த சுற்றிலேயே கூடுதல் எரிபொருள் உள்ளே வெடிக்கிறது. ஸ்டிர்லிங்கில் தீயைக் கூட்டினால் அந்தச் சூடு உலோகத்தைக் கடந்து வாயுவுக்குப் போய்ச் சேர நேரமாகும். அதனால் தீயைத் தொடாமல் வாயுவின் அழுத்தத்தை ஏற்றி இறக்கித்தான் வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். மிதித்தால் ஒரு சின்ன சிலிண்டரிலிருந்து ஹைட்ரஜன் எஞ்சினுக்குள் பாயும், காலை எடுத்தால் ஒரு கம்ப்ரசர் அதைத் திரும்ப உறிஞ்சி அந்த சிலிண்டரில் அடைக்கும். வேலை செய்தது, நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வால்வும் கேமும் இல்லாத எளிய எஞ்சின் என்று ஆரம்பித்த இடத்தில் இப்போது கம்ப்ரசர், அழுத்த சிலிண்டர், கட்டுப்பாட்டு வால்வுகள் எல்லாம் வந்து உட்கார்ந்துவிட்டன.

ஹைட்ரஜன் ஏன் என்று கேட்கலாம். மிக லேசான வாயு, குறுகிய குழாய்களுக்குள் தடையில்லாமல் ஓடும், சூட்டை வேகமாக வாங்கிக் கொடுக்கும். மாட் 2-ல் அழுத்தம் 150 பார் வரை போனது, அதாவது கார் டயரில் இருப்பதைப் போல அறுபது எழுபது மடங்கு. அந்த அழுத்தத்தில் ஹைட்ரஜன் சீல் வழியாகக் கசிவது மட்டுமல்ல, சிவந்து நிற்கும் உலோகத்தின் ஊடாகவே மெல்ல மெல்ல ஊடுருவி வெளியே போகும். சூட்டையும் தாங்கி, அழுத்தத்தையும் தாங்கி, ஹைட்ரஜனையும் தடுக்கும் உலோகம் மலிவாகக் கிடைக்காது. கார் வாங்கும் ஆள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை கேஸ் ரொப்ப வேண்டும் என்றால் ஒத்துக்கொள்வாரா? ஃபிரிட்ஜுக்கு ஒத்துக்கொள்கிறோம், ஏசிக்கு ஒத்துக்கொள்கிறோம், ஆனால் அவை நின்றால் நடுரோட்டில் நிற்க மாட்டோம்.

எல்லாவற்றையும்விட என்னை யோசிக்க வைத்தது ரேடியேட்டர்தான். இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. பெட்ரோல் எஞ்சின் தன் வீண் சூட்டில் பாதிக்கு மேல் சைலன்சர் வழியாக வெளியே துப்பிவிடுகிறது. ஸ்டிர்லிங்குக்கு அந்த வசதி இல்லை. புகையில் போகும் சூட்டையும் முடிந்தவரை பிடித்து உள்ளே வரும் காற்றுக்குக் கொடுத்துவிடுவதால்தான் அதன் திறனே கூடுகிறது, மீதி எல்லாம் குளிர்நீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். நெடுஞ்சாலையில் 20 கிலோவாட் தேவைப்படும் கார் என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதத் திறனில் ஓடும் பெட்ரோல் எஞ்சின் ரேடியேட்டருக்கு அனுப்புவது சுமார் 20 கிலோவாட். 35 சதவீதத்தில் ஓடும் ஸ்டிர்லிங் அனுப்புவது சுமார் 30. ஒன்றரை மடங்குதானே என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் எஞ்சினின் தண்ணீர் 95 டிகிரியில் இருக்கலாம், ஸ்டிர்லிங்குக்கோ குளிர்ந்த பக்கம் எவ்வளவு குளிர்கிறதோ அவ்வளவு நல்லது, 60 டிகிரி என்று வைப்போம். மே மாதம் வேலூரில் வெளியே 40 டிகிரி. ஒன்றில் 55 டிகிரி வித்தியாசம் சூட்டைத் தள்ளுகிறது, மற்றதில் வெறும் 20. பெருக்கிப் பார்த்தால் ரேடியேட்டர் நான்கு மடங்கு பெரிதாக வேண்டும். ஆட்டோவில் அதை எங்கே வைப்பது?

தண்ணீரை 95 டிகிரி வரை விட்டுவிட்டால் என்ன என்று அக்கா மகன் கேட்டான். நல்ல கேள்வி. சூடான பக்கம் 820 டிகிரி, குளிர்ந்த பக்கம் 60 என்றால் கார்னோ வரம்பு, அதாவது அந்தச் சூட்டு வித்தியாசத்தில் எந்த எஞ்சினும் தாண்ட முடியாத உச்சத் திறன், 69.5 சதவீதம், 95 என்றால் 66 சதவீதம். அதே விகிதத்தில் நிஜத் திறனும் குறையும் என்று எடுத்துக்கொண்டால், 38.5 என்பது 37-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும், எஞ்சினின் சக்தியும் குறையும். சமாளிக்கக்கூடிய இழப்புதான், ரேடியேட்டரும் ஒன்றரை மடங்கோடு நின்றுவிடும். ஆனால் இப்படி ஒவ்வொரு இடத்திலும் ஒன்றிரண்டு சதவீதம் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனால், எதற்காக இந்த எஞ்சினைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தக் காரணமே கைவிட்டுப் போகிறது.

சரி, இரண்டாவது யோசனை. எஞ்சின் சக்கரத்தைத் தொடவே வேண்டாம், ஒரே வேகத்தில் ஓடி பேட்டரியை மட்டும் சார்ஜ் செய்யட்டும், மோட்டார் வண்டியை ஓட்டட்டும். இது ஸ்டிர்லிங்கின் சுபாவத்துக்குப் பொருந்துகிறது. ஆக்ஸிலேட்டர் பிரச்சினை போய்விட்டது. அழுத்தத்தை ஏற்றி இறக்கும் கம்ப்ரசர் வேண்டாம். சூடேறும் வரை பேட்டரியில் போய்க்கொள்ளலாம், 3 கிலோமீட்டர் போக எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். எஞ்சின் சின்னதாக இருந்தால் போதும் என்பதால் ரேடியேட்டரும் சிறிதாகிறது. புதிய யோசனையும் இல்லை இது: ஜெனரல் மோட்டார்ஸ் 1960களின் கடைசியிலேயே ஓப்பல் காடெட் காரில் 8 குதிரைத்திறன் ஸ்டிர்லிங்கையும் ஈய பேட்டரிகளையும் சேர்த்து ஸ்டிர்-லெக் என்று ஒன்று செய்தது. செக்வே என்ற இரண்டு சக்கர மின்வண்டியைக் கண்டுபிடித்த டீன் கேமன், 2008-ல் ஃபோர்டின் திங்க் என்ற சின்ன மின்கார் ஒன்றில் ஸ்டிர்லிங்கை வைத்துக் காட்டினார்.

எஞ்சின்களை மட்டும் ஒப்பிட்டால் 1986-ல் ஸ்டிர்லிங் ஜெயித்திருக்கும். பிரச்சினை என்னவென்றால் எதிராளி சும்மா இருக்கவில்லை. 1975 முதல் அமெரிக்கக் கார்களில் வந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பெட்ரோல் எஞ்சினின் புகைப் பிரச்சினையை ஒரு டப்பாவுக்குள் அடக்கிவிட்டது. 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது. அப்புறம் ஜப்பான்காரர்கள் பொறுமையாகச் செதுக்கிச் செதுக்கி, 2015-ல் வந்த டொயோட்டா பிரியஸ் எஞ்சினின் உச்சத் திறனை 40 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள், அதற்கு அடுத்து வந்த 2.5 லிட்டர் ஹைப்ரிட் எஞ்சின் 41. அதாவது மாட் 2 ஹைட்ரஜனோடும் விலை உயர்ந்த உலோகத்தோடும் எட்டிய 38.5-ஐ, சாதாரண அலுமினியம் பிளாக்கில், எந்த மெக்கானிக்கும் திறந்து பார்க்கக்கூடிய எஞ்சினில் தாண்டிவிட்டார்கள். ஒரே வேகத்தில் ஓடுவதால் ஸ்டிர்லிங்குக்குக் கிடைக்கிற சௌகரியம் எல்லாம் பெட்ரோல் எஞ்சினுக்கும் அப்படியே கிடைக்கிறது. ஆக இரண்டாவது வழியில் போக நினைக்கிறவர், பெட்ரோல் பம்ப் இருக்கிற ஊரில் இருந்தால், பெட்ரோல் ஹைப்ரிட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி. ஊருக்குள் மட்டும் ஓடும் ஆட்டோவுக்கு அதுகூட வேண்டாம், பேட்டரி ஆட்டோவே போதும், இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போது அவன் முகம் கொஞ்சம் வாடியது. அதனால் ஸ்டிர்லிங் உண்மையாகவே ஜெயித்த வாகனத்தையும் சொன்னேன். ஸ்வீடனின் காட்லாண்ட் ரக நீர்மூழ்கிக் கப்பல், 1996-ல் கடற்படையில் சேர்ந்தது. ஒவ்வொரு கப்பலிலும் தலா 75 கிலோவாட் ஸ்டிர்லிங் எஞ்சின்கள் இரண்டு. டீசலையும் திரவ ஆக்ஸிஜனையும் எரித்து, மேலே வராமலே வாரக்கணக்கில் கடலுக்கடியில் நிதானமாக ஓட முடியும். மேலே சொன்ன குறைகளை ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். சூடேற நேரமாகிறதா, ஆகட்டும், நாள்கணக்கில் நிறுத்தாமல் ஓடப்போகிறது. பிக்கப் வேண்டாம், பேட்டரியைத்தான் சார்ஜ் செய்கிறது. எடை பிரச்சினை இல்லை. ரேடியேட்டரே தேவையில்லை, சுற்றிலும் குளிர்ந்த கடல். அந்த எஞ்சினில் வாயு ஹீலியம், தீ எரியும் அறையையே சுமார் 20 பார் அழுத்தத்தில் வைத்திருப்பதால் புகை தானாகவே கடலுக்குள் வெளியேறும். சத்தமின்மை, காரில் வெறும் சொகுசு, இங்கே அதுதான் உயிர். 2005 முதல் 2007 வரை அமெரிக்கக் கடற்படை இந்த ரகக் கப்பல் ஒன்றை ஸான் டியேகோவில் வைத்துக்கொண்டு தன் கப்பல்களுக்கு வேட்டைப் பயிற்சி கொடுத்தது, அவ்வளவு அமைதியான எதிராளி அவர்களுக்கு வேறு கிடைக்கவில்லை. ஜப்பானும் 2009 முதல் தன் சோர்யு ரகக் கப்பல்களில் நான்கு நான்கு ஸ்டிர்லிங் எஞ்சின்களை வைத்தது. ஆனால் அதே ரகத்தின் 11-வது கப்பலான ஓர்யு 2020-ல் சேர்ந்தபோது ஸ்டிர்லிங்குகளை எடுத்துவிட்டு அந்த இடத்தையும் லித்தியம் பேட்டரிகளால் நிரப்பியிருந்தார்கள். எனக்கு அதைப் படித்தபோது மனசு கனத்தது, ஒத்துக்கொள்கிறேன்.

இனி அவனுடைய ப்ராஜெக்ட். வில்லியம் பீல் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஓடுகிற ஸ்டிர்லிங்குகளைப் பார்த்து ஒரு தோராயச் சூத்திரம் கொடுத்தார்: பார் கணக்கில் சராசரி அழுத்தம், பிஸ்டன் தள்ளும் சிசி, ஒரு விநாடிக்கு எத்தனை சுற்று, மூன்றையும் பெருக்கி 0.015-ஆல் பெருக்கினால் எத்தனை வாட் வரும் என்று தெரியும். கல்லூரி லேத்தில் கடைந்து எடுக்கக்கூடிய 500 சிசி எஞ்சின், உள்ளே சாதாரண காற்று, 1 பார், விநாடிக்கு 10 சுற்று. வருவது 75 வாட். ஒரு ஆள் சைக்கிள் மிதிக்கும் சக்தி. நன்கு செய்த எஞ்சினுக்கான எண் இது, முதல் முயற்சியில் பாதி வந்தாலே பெரிய விஷயம். ஆட்டோவுக்கு 5 கிலோவாட்டாவது வேண்டும். அதே எஞ்சினில் அதை எடுக்க விநாடிக்கு 25 சுற்றும் 27 பார் அழுத்தமும் ஆகும். அந்த அழுத்தத்தில், அந்தச் சூட்டில், காற்றோடு மசகு எண்ணெய் ஆவி கலந்தால் வெடிக்கும். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் நாலு பிள்ளைகள் சுற்றி நிற்க அதை ஓட்ட நான் சம்மதிக்க மாட்டேன், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

அதனால் நான் சொன்ன வழி வேறு. வண்டியை விட்டுவிடு, எஞ்சினை விடாதே. 1980களில் சென்னையிலேயே நெல் உமியை எரித்து ஓடும் 5 குதிரைத்திறன் ஸ்டிர்லிங் ஒன்றைத் தயாரித்தார்கள், உள்ளே காற்றுதான், அழுத்தமும் அதிகமில்லை, அதனால் எடை நிறைய, மெதுவாகச் சுற்றும். காரில் வைத்தால் அது பாரம், அரிசி ஆலைக் கொட்டகையில் அந்த எடையால் யாருக்கும் நஷ்டமில்லை. உமி, கொட்டாங்குச்சி, வேர்க்கடலைத் தோல் எல்லாம் பெட்ரோல் எஞ்சினுக்குள் நேராகப் போகாது, லித்தியம் பேட்டரிக்கும் அவற்றால் பயனில்லை, இந்த மூன்றில் ஸ்டிர்லிங்குக்கு மட்டும்தான் அது அப்படியே சாப்பாடு. 75 வாட் எஞ்சின் ஒன்றைச் செய்து, கொட்டாங்குச்சி எரித்து, அதில் ஒரு ஸ்கூட்டர் பேட்டரியை எத்தனை மணி நேரத்தில் ஏற்ற முடிகிறது என்று அளந்து காட்டினால், வண்டிக்கும் ஸ்டிர்லிங்குக்கும் இடையில் இன்று மிச்சம் இருக்கிற உருப்படியான தொடர்பை அவர்கள் கையாலேயே செய்து பார்த்தவர்கள் ஆவார்கள்.

நாலு பேரும் ஒத்துக்கொண்டு, நேற்று சிலிண்டர் வரைபடத்தை அனுப்பியிருக்கிறார்கள். குளிர்ந்த பக்கத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, விநாடிக்கு எவ்வளவு, மே மாதத்தில் அது எத்தனை டிகிரி இருக்கும் என்று அதில் எங்கேயும் இல்லை. அந்தக் கணக்கை முதலில் போட்டு அனுப்பச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.